சோடிக் காப்பு

மனுகாவ், ஓக்லாந்து, நியூசிலாந்து
13 ஜூலை 2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் தங்கை யோகராணியின் இளைய மகள் தனுஷா எழுதுகிறேன். எனக்குப் பதினாலு வயது. நீங்களும் அம்மாவும் கதைப்பதில்லை என்பதால் போன் எடுக்கத் துணிவில்லை.

செப்டம்பரில் கிருசாந்தி அக்காவுக்குக் கலியாணம். எங்கள் பரம்பரைத் தங்கக் காப்பின் கதையை எழுதி மண்டபத்தில் வாசிக்கப்போகிறேன். அது பூட்டியின் சீதனம் என்று அம்மா ஒருமுறை சொன்னார். இன்னொருமுறை, கோயில் நேர்த்திக்குச் செய்தது என்றார். உள்பக்கம் 'நி' என்று கீறியிருக்கிறது. பூட்டியின் பெயர் வள்ளிப்பிள்ளை அல்லவா?

காப்பை அடிமட்டத்தால் அளந்து, அதே அளவில் கொப்பியில் வரைந்திருக்கிறேன். பதின்மூன்று மணிகள், ஒன்று நசுங்கியது. கதைதான் இல்லை. எழுதுவீர்களா?

ஆசையுடன்,
தனுஷா


முல்லைத்தீவு
6 ஓகஸ்ட் 2025

அன்பு மகள் தனுஷாவுக்கு,

உன் கையெழுத்தைக் கண்டு சந்தோசப்பட்டேன். வாசித்து முடித்ததும் அழுதேன்.

அந்தக் காப்பு எங்களுடையது இல்லை, பிள்ளை. பக்கத்து வளவுக் குணவதியின் மகள் நிசாந்தினியுடையது. 2009இல் சண்டைக்குள்ளால் சனத்தோடு வெளியேறும்போது குணவதி காலில் காயப்பட்டுக் கிடந்தாள். நகைப் பொட்டலத்தை உன் அம்மாவிடம் கொடுத்து, "யோகம், முகாமில கண்டால் தா" என்றாள். சோடியில் மற்றக் காப்பு, பூட்டு இறுகி, நிசாந்தினியின் கையிலிருந்து கழற்ற முடியாமல் இருந்தது. அன்றைக்குப் பிறகு நிசாந்தினியை யாரும் காணவில்லை.

பொட்டலமும் திரும்பி வரவில்லை. அதனால்தான் நான் உன் அம்மாவோடு கதைப்பதில்லை.

இப்போது இங்கே ஒரு மனிதப் புதைகுழியைத் தோண்டிப் பார்க்கிறார்கள். எலும்புகளோடு எடுபடும் பொருட்களைச் சனத்துக்குக் காட்டுவார்களாம். "மற்றது இருந்தா ஒத்துப் பாப்பனே, விக்கினம்" என்று குணவதி தினமும் என்னிடம் வந்து நிற்கிறாள். காப்பை எப்படியாவது அனுப்பச் சொல்லு. அனுப்பினால் போதும், எனக்குக் கோபமில்லை என்றும் சொல்லு.

பெரியம்மா,
விக்னேஸ்வரி


மனுகாவ்
28 ஓகஸ்ட் 2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன்னுருக்கல் முடிந்துவிட்டது.

தங்க நாணயம் மட்டும்தான் உருக்குவதாக இருந்தது. உங்களுக்கு எழுதியிருக்கிறேன் என்று நான் வாய் தவறி அம்மாவிடம் சொன்னேன். அன்று அவர் சாப்பிடவில்லை. அடுத்த நாள், "எங்கட பரம்பரைப் பொன்னும் தாலியில சேரட்டும்" என்றார். எல்லாரும் நல்லதென்றார்கள். நானும் சொன்னேன்.

தட்டான் காப்பை நாலாக வெட்டி, நாணயத்தோடு போட்டு உருக்கினார். ஆறியதைத் தட்டில் பூவோடு வைத்துக் கைமாற்றினார்கள். என்னிடம் வந்தபோது இன்னும் இளஞ்சூடாக இருந்தது.

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "உன்ர அப்பாவை முகாமில இருந்து எடுக்க மற்றதெல்லாம் வித்தனான். அதை மட்டும் விக்க மனம் வரேல்ல. பிறகு எந்த முகத்தோட குடுக்கிறது?" என்றார். உருக்கியது ஏன் என்று கேட்டேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அக்காவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

மண்டபத்தில் நான் எதுவும் வாசிக்கமாட்டேன்.

கொப்பித் தாளைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். உள்விட்டம் ஐம்பத்தாறு மில்லிமீற்றர். நசுங்கிய மணி பூட்டிலிருந்து நாலாவது. 'நி'யின் சுழி மேலே கொஞ்சம் சரிந்திருக்கும், அப்படியே வரைந்திருக்கிறேன். குணவதி மாமியிடம் கொடுங்கள். மடிப்பு மணிகளின் மேல் விழாமல் மடித்திருக்கிறேன்.

தனுஷா