கீழிருந்து எடுத்த படம்

வியாழன் இரவு.

போட்டோவில் என் கால்கள் நீளமாக இருந்ததைத்தான் முதலில் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப அண்ணன் தரையில் குத்தவைத்து, கேமராவை மேல்நோக்கிப் பிடித்து எடுத்த படம்.

“பாலவனத்தத்துக்காரவுகளுக்குப் பிடிச்சுப்போச்சாம். மாப்பிள்ளைக்கு ஒசரமான பொண்ணுதான் வேணுமாம், ஜாதகம் கேக்குறாக,” என்று அம்மா சிரித்தாள்.

“அண்ணே, நான் குட்டைதான?”

“போடி கழுத, கீழ இருந்து எடுத்தா எறும்பும் ஒட்டகம்தான். நீ வாயத் தொறக்காத.”

அப்படியானால் அவர்களுக்குப் பிடித்தது யாரை? நான் பொய் சொல்லவில்லை. ஆனாலும் சொன்னது போலவே இருக்கிறது. சொன்னால் அம்மாவின் சிரிப்பு போய்விடும்.

அண்ணன் நின்றபடி எடுத்த இன்னொரு படமும் இருக்கிறது. அதில் பருத்தி மூட்டை என் தோள்வரை வருகிறது. நாளைக் காலையில் அப்பா ஜாதகம் கொடுக்கப் போகிறார். அதன் மடிப்புக்குள் அந்த மூட்டைப் படத்தை வைத்துவிட்டேன்.