மூன்றரைக் கோடி இலக்கம்

ஹோபார்ட்டில் அக்கா வீட்டில் இருக்கும் என் மனைவிக்கு,

முடிவு வந்துவிட்டது. மூன்றரைக் கோடி இலக்கம் கொண்ட அந்த எண், ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் வகுபடாத பகா எண் என்று நம்பியிருந்தேன். இல்லையாம்! உன் தையல் அறையில் கம்ப்யூட்டர் ஏழு வாரம் இரைந்தது இந்த ஒரு வரிக்காகத்தான்.

அதைவிட எரிச்சல், வகுபடும் என்று அடித்துச் சொல்லும் அந்தச் சோதனை எதால் வகுபடும் என்று சொல்வதில்லை. பக்கத்து வீட்டு மெர்வ் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். "வகுபடும்னு தெரியுமாம், எதாலன்னு தெரியாதாம்! இதுக்கா ஏழு வாரம்? அது கிடக்கட்டும், உன் வீட்டுக்காரி எப்ப வர்றா?"

எண்ணைப் பற்றி மட்டும் அவனுக்குப் பதில் சொன்னேன்.

நீயும் அந்தச் சோதனை மாதிரித்தானே செய்தாய்? "இனிமே என்னால முடியாது" என்று பெட்டியைத் தூக்கினாய். ஏன் என்று கேட்டதற்கு, "உனக்கே தெரியும்" என்றாய். எனக்குத் தெரியாது! ஒரு காரணமாவது எழுதித் தொலையேன். சின்னதாக இருந்தாலும் போதும்.

ஆத்திரத்தில் இப்போதுதான் கம்ப்யூட்டரை அணைத்தேன். இரைச்சல் நின்றதும் குளியலறையில் குழாய் சொட்டுவது கேட்கிறது. ஒரு வருஷமாக நீ சரிசெய்யச் சொன்ன குழாய்.

இப்படிக்கு,
குழாய்க்கு வாஷர் வாங்கக் கிளம்பும் உன் கணவன்