சாரின் சமன்பாடும் சாந்தன்பாறை பென்சீனும்

16.4.74, செவ்வாய், சாந்தன்பாறை

காலையில் நல்ல மழை. பாலக்காட்டில் இந்நேரம் மண்டை உருகியிருக்கும். அங்கே காலேஜ் லேபில் அளப்பதற்குள் பென்சீன் பாதி பறந்துவிடுகிறது. அதனால்தான் மூட்டை கட்டிக்கொண்டு இந்த மலைமேல் மாமனார் வீட்டுக்கு. பக்கத்திலேயே எஸ்டேட்டின் ஏலக்காய் ஸ்டோர். தலையணை, சோறு, சோப்பு எல்லாம் ஏலக்காய் வாசனை.

வேலை: பென்சீனையும் சைக்ளோஹெக்சேனையும் கலப்பது. ஐஸ் வேண்டாம், கலந்தால் தானாகக் குளிரும். எவ்வளவு குளிரும் என்று என் கைடு சாரின் சமன்பாடு சொல்லும். பொருந்தினால் தீசிஸ் முடிந்தது.

மாமனார்: "ரெண்டு ஒண்ணாச் சேந்தா குளிருமா மாப்ள? நம்ம வீட்ல அப்படி இல்லையே." உள்ளே மாமியார் ஒரு பாத்திரத்தை ணங்கென்று வைத்தார்.

17, புதன்

எத்தனை முறை கலந்தாலும் சமன்பாடு சொன்ன அளவு குளிரவில்லை. தெர்மாமீட்டர் சரி. கணக்கு சரி. அப்படியானால் சார் தப்பு! அவர் வாழ்நாள் உழைப்பு. பயம். பயத்தைவிடச் சந்தோஷம் அதிகம். சமன்பாடு தப்பு என்று, அளவையும் சேர்த்துச் சாருக்குத் தந்தி கொடுத்துவிட்டேன்.

18, வியாழன்

தலையில் இடி. புது பாட்டில் பென்சீன் திறந்தேன். அளவு சமன்பாடு சொன்னபடியே! பழைய பாட்டிலுக்கு என்ன கேடு?

என் மனைவி செல்வி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அந்த நாத்தம் அம்மாவுக்கு ஆகலைங்க. ஒரு பிடி ஏலக்காயத் தட்டி முந்தாநேத்து ராத்திரி அந்த பாட்டில்ல ஊறப்போட்டு, நேத்துக் காலைல வடிகட்டி வச்சிருச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"மாப்ளகிட்ட அம்மா எப்படிங்க நேராப் பேசும்?"

அவளுக்கு இது சிரிப்பு. தபாலாபீசுக்கு ஓட்டம். தந்தி நேற்றே போய்விட்டதாம். 'காரணம் ஏலக்காய்' என்று இன்னொரு தந்தி எழுதினேன். போஸ்ட்மாஸ்டர் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். கிழித்துப் போட்டேன்.

20, சனி

சார் நேரிலேயே வந்து இறங்கிவிட்டார். சவரம் இல்லை. வேட்டியெல்லாம் சேறு. கையில் சுருட்டிய காகிதம்.

"ஓய், நீர் சொன்னதாக்கும் சரி! ரெண்டு நாளாத் தூங்கலை. ஆறாவது வரியிலே பிசகு. திருத்தியாச்சு. உம்ம அளவு இப்போ நன்னாப் பொருந்தறது!"

என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தீசிஸ் போனால் போகட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன்: ஏலக்காய், ஊறல், வடிகட்டல், புது பாட்டில்.

சார் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ என் பழைய சமன்பாடே சரியாக்கும்!" கதவுக்குப் பின்னால் நின்ற மாமியாருக்கு ஒரு கும்பிடு. காபி ஒரு வாய். பிறகு காகிதத்தைப் பிரித்து ஆறாவது வரியில் விரலை வைத்தார். விரல் அங்கேயே நின்றது.

"அது சரி, ஓய். அப்படீன்னா இந்தப் பிசகை நான் எப்படிக் கண்டுபிடிச்சேன்?"