சுத்தப் பிரதி

ஓசூர், 19-9-2024, வியாழக்கிழமை, காலை 6.10
பொருள்: பிரஸ் இயந்திரம் குறித்த உங்கள் புகார்

அன்புள்ள கௌஸ் பாய்,

நேற்று மருத்துவமனையில், "விடுங்க சார், என் தலையெழுத்து. டீ ஆறுது, குடிங்க" என்றீர்கள். கோபத்தில் டீயைத் தொடாமல் வந்துவிட்டேன்.

அது தலையெழுத்து அல்ல, என் சிவப்பு மை. தகடு அழுத்தும் அந்த இயந்திரத்தில் கையைக் காக்கும் தடுப்பு உடைந்திருப்பதை 3ஆம் தேதியே ஆங்கிலத்தில் எழுதி, சூப்பர்வைசரான என் மேசைக்குக் கொண்டுவந்தீர்கள். ஆட்கள் பயப்படுவதை 'ஸ்கேர்டு ஃப்ரம்' என்று எழுதியிருந்தீர்கள். 'ஸ்கேர்டு ஆஃப்' என்று திருத்தி, வேறு தாளில் எழுதச் சொன்னேன். 5ஆம் தேதி எழுதி வந்தீர்கள். அதில் 'ஒர்ரீடு வித்' இருந்தது. 'ஒர்ரீடு அபவுட்' ஆக்கினேன். "சுத்தப் பிரதி எடுத்துட்டு வாங்க பாய், இந்த இங்கிலீஷ் மேல போனா எனக்குத்தான் அவமானம்" என்றேன். 6ஆம் தேதி காலை 11.40க்கு உங்கள் வலக்கையில் மூன்று விரல்கள் போயின.

புகாரே வரவில்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. நீங்களும் தலையாட்டினீர்களாம். யாரைக் காப்பாற்ற? இருபத்தாறு ஆண்டு நட்பின் பெயரால் எனக்கு இந்தப் பிச்சை வேண்டாம். நாளை கிருஷ்ணகிரியில் தொழிற்சாலை ஆய்வாளர் நடத்தும் விசாரணையில், இத்துடன் இணைத்திருப்பவற்றைக் கொடுங்கள். கேட்டால் பதில் சொல்ல நான் வாசலில் நிற்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பிழைகளை மட்டும் பார்த்தவன்

இணைப்பு:
1. 3-9-2024 தேதியிட்ட புகார், என் திருத்தங்களுடன்.
2. 5-9-2024 தேதியிட்டது, அவ்வாறே.
3. என் வாக்குமூலம், தமிழில். அடித்தல் திருத்தல் நிறைய உள்ளது. சுத்தப் பிரதி எடுக்கவில்லை.