எந்த ஊர் என்று கேட்டான்

வியாழக்கிழமை.

எங்கள் எகிப்து நீதிபதிக்குக் காண்ட்ராக்ட் முடிந்து, அபுதாபி கோர்ட்டில் இன்று கடைசி நாள். ஒன்பது வருஷம் அவர் பக்கத்தில் நின்று தமிழை அரபியாக்கினேன். சொந்தமாக இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அடிதடி வழக்கில் முசஃபா தொழிற்பேட்டை வெல்டர் ஒருவனுக்கு ஓராண்டுச் சிறை. தீர்ப்பைத் தமிழில் சொன்னேன். "அண்ணே, நீங்க எந்த ஊரு?" என்றான். கோர்ட்டில் பேசுவது எதையும் விடக்கூடாது என்பது விதி. அதையும் அரபியில் சொன்னேன்.

"பதில் சொல். எனக்கும் தெரியாதே," என்றார் நீதிபதி.

"தொண்டி," என்றேன்.

"நான் தேவிபட்டினம்ணே!" அழுதுகொண்டே சிரித்தான். போலீஸ்காரர் "யல்லா" என்று அவனைக் கூட்டிப்போனார்.

நீதிபதி ஃபைலை மூடிவிட்டு, நைல் கரைக் கிராமம் ஒன்றின் பெயரைச் சொன்னார். பழக்கத்தில் அதைத் தமிழில் சொல்லத் திரும்பினேன். கூண்டில் யாருமில்லை.