ஆடும் கல்

உங்கள் கோப்பித்தூள் தகரத்தை அம்மா இன்று பின்னேரம் திறந்தார், அண்ணை. ஒரு வருடம் மூடிக் கிடந்தும் மணம் போகவில்லை. இப்போது என் தலையணையிலும் அது இருக்கிறது. போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அடுத்த அறையில் அம்மா புரளும்போதெல்லாம் வெளிச்சத்தை அணைக்கிறேன்.

விடிந்தால் உங்கள் ஆட்டைத் திவசம், நீங்கள் போய் ஒரு வருடம். உங்களுக்குப் பிடித்ததெல்லாம் படைக்க வேண்டுமாம். கொழும்பில் கோப்பிக் கடை வேலையை விட்டு வரும்போது நீங்கள் கொண்டுவந்த கோப்பி வடிக்கும் வெள்ளைப் பீங்கான் கூம்பை அம்மா கழுவி மேசையில் வைத்திருக்கிறார்.

வந்த முதல்நாள் அதில் வடிதாளை விரித்து, தூளைப் போட்டு, சுடுதண்ணீர்க் கேத்திலை உயர்த்தி நூல்போல ஊற்றினீர்கள். அப்பா கதிரையில் இருந்து பார்த்தார். "ஒரு கோப்பைக்கு இவ்வளவு கூத்தோ? ஐயர் அபிஷேகம் செய்யிறமாதிரி நிக்கிறான்."

நீங்கள் திரும்பவில்லை. "கொஞ்சமா ஊத்திப்போட்டுப் பொறுக்கவேணும், பிள்ளை. தூள் மூச்சு விடும். பிறகுதான் மிச்சம்." தூள் மெல்லப் பொங்கி எழுந்தது.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவர், உப்புக் கரிக்கும். சீனி போட்ட தேநீரில் அது தெரியாது. நீங்கள் சீனி போடுவதில்லை. கனடாவுக்குப் போனவர்களின் பூட்டிய வீட்டுக் கிணறுதான் புங்குடுதீவில் எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீர். காலையில் அங்கே ஒரு வாளி அள்ளி வருவது என் வேலை.

ஒருநாள் குனிந்து கயிற்றை இழுத்தபோது கிணற்றுக் கட்டின் மேல்கல் என் கைக்குக் கீழே அசைந்தது. சுண்ணாம்பு உதிர்ந்து விழுந்தது. அது தண்ணீரில் படும் சத்தம் கேட்க நெடுநேரம் எடுத்ததுபோல இருந்தது. உங்களிடம் சொல்லவில்லை. பயந்தாங்கொள்ளி என்று சிரிப்பீர்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் எங்கள் கிணற்றிலேயே அள்ளிக் கொண்டுவந்தேன். ஒரு வாய் குடித்ததும் கோப்பையை வைத்துவிட்டீர்கள்.

"இது எங்கட கிணறு. கடல் தெரியுது."

"இல்லை, அங்கத்தையான் தண்ணிதான்."

"நடக்கப் பஞ்சிப்பட்டுப்போட்டுப் பொய் வேறை. சரி, நான் அள்ளிக்கொண்டு வாறன். நீ கேத்திலைக் கழுவி வை."

கழுவி வைத்தேன். அது காய்ந்து போகும்வரையும் நீங்கள் வரவில்லை. அந்தக் கிணற்றுக்குள் இருந்துதான் உங்களைத் தூக்கினார்கள்.

"போனைப் பாத்துக்கொண்டு நிண்டிருப்பான்," என்று அப்பா இன்றைக்கும் சொல்லுவார். நான் தலையாட்டுவேன். கல் விழவில்லை, அதனால் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. போன கிழமை போய்த் தொட்டேன். இன்னும் ஆடுகிறது.

இரவு சாப்பிடும்போது அம்மா சொன்னார்: "அவனுக்குச் சவர்த் தண்ணியில ஊத்திக் குடுக்க ஏலாது. விடிய நானே போய் அந்தக் கிணத்தில அள்ளுறன்."

"நான் போறன். நீ ஏன்?" என்றார் அப்பா.

"அவன் கடைசியாப் பிடிச்ச கட்டு. நானும் ஒருக்கா அதில கைவைச்சு நிக்கவேணும்."

எல்லோரும் படுத்தபிறகு வாளியையும் கயிற்றையும் என் கட்டிலுக்குக் கீழே ஒளித்துவிட்டேன். அத்துடன் முடிந்தது என்றுதான் இதை எழுதத் தொடங்கினேன். ஆனால் அம்மா பக்கத்து வீட்டில் வாளி வாங்குவார். அன்றைக்கும் வாயைத் திறக்கப் பயந்துதான் தண்ணீரை மாற்றினேன். இன்றைக்கு வாளியை ஒளித்திருக்கிறேன்.

விடியப் போகிறது, குசினி விளக்கு எரிகிறது. அம்மா முழுகிவிட்டார், ஈரச் சேலைச் சத்தம் கேட்கிறது. "இஞ்சை இருந்த வாளி எங்கை?" என்கிறார். அப்பா தூக்கக் கலக்கத்தில் ஏதோ சொல்கிறார். பின்கதவின் கொண்டி விழுகிறது.

என் உள்ளங்கையில் அந்தக் கல் இன்னும் அசைகிறது, அண்ணை. அம்மா வாசல் படலையைத் தாண்டுவதற்குள் போக வேண்டும். உங்களுக்குச் சொல்லாததை அவரிடம் சொல்லப் போகிறேன்: அம்மா, கல் ஆடுது. அது எனக்கு அப்பவே தெரியும்.