ஆறாவது கட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்று வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸில் இன்று நான் ஜெயித்துவிட்டேன்! நாங்கள் ஒரே திரையைப் பல கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு வேலையாக ஓடவிடுவோம். கம்ப்யூட்டர் அணைந்தால் எல்லாம் போய்விடும். அவற்றை மீட்டுத் தரும் ப்ளகின் என்ற துணை மென்பொருள்களில் இலவசமான இரண்டை ஒப்பிட்டோம். என்னோடு வேலை செய்யும் தனேஷ் தேர்ந்தெடுத்த ப்ளகினில் நாமே சேமிக்க வேண்டும். என்னுடையது கால்மணிக்கு ஒருமுறை தானாகவே சேமிக்கும். எங்கள் டீம் லீடர் ஷார்மைன் அக்கா சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் இரண்டு பேரின் கம்ப்யூட்டர் மின்வயரையும் பிடுங்கினார். தனேஷ் காலையிலிருந்து சேமிக்கவே மறந்திருந்தான். என் ஆறு கட்டங்களும் அப்படியே எழுந்து வந்தன. நான் நாற்காலியிலிருந்து குதித்தே விட்டேன்!

ஆறாவது கட்டத்தில் ஓடிய முகவரியைப் பார்த்து தனேஷ், இந்த ஊர்ப் பேச்சில், "இது எந்த மெஷின் லா? நம்ம லிஸ்ட்லயே இல்லையே?" என்றான்.

அது பட்டுக்கோட்டையில் நம் வீட்டு வைஃபை பெட்டி. நொடிக்கொருமுறை அதைக் கூப்பிட்டுப் பார்க்கும்படி வைத்திருக்கிறேன். பெட்டி இயங்கிக்கொண்டிருந்தால் பதில் வரும்.

"பதில் வருதுல்ல, விடு லா" என்றார் அக்கா.

அம்மாவிடம் பருப்புப்பொடி கேட்டேன் என்று சொல்லுங்கள். கிள்ளான் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஒன்றே ஒன்று அப்பா, வெளியே கிளம்பும்போது வைஃபையை அணைக்காதீர்கள். நேற்று நாற்பது நிமிடம் பதில் வரவில்லை. கோயிலுக்குத்தான் போயிருப்பீர்கள் என்று தெரியும். ஆனாலும் பதில் வரும்வரை மற்ற ஐந்து கட்டங்களை நான் பார்க்கவே இல்லை.

உங்கள்
பொற்கொடி